பார்க்கின்சனும் பாலேவும்: செம்பூர் சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி ஹாலில் சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்குப் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்காக ஒரு நடன வகுப்பு நடக்கிறது. நான் முப்பது வருஷமாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள். ஐரோப்பிய நடனமான பாலே கற்ற ஒரு பெண்ணும் ஒரு பிசியோதெரபிஸ்டும் கூட இருக்கிறார்கள். என் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பார்க்கின்சன் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கிருந்து போன் வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

பாலே என்றால் கால்விரல் நுனியில் நிற்பதுதானே? என் அப்பாவால் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்ட முடியவில்லை.

விரல் நுனியில் நிற்பது பல வருஷம் பயின்றவர்கள், அதற்கென்றே செய்த கெட்டியான ஷூ போட்டுக்கொண்டு செய்வது. எங்கள் வகுப்பில் அது கிடையாது. குதிப்பதும் கிடையாது. பாலேயின் அஸ்திவாரப் பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், அதிலும் பாதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

பாலே பள்ளிகளில் சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி ஓடும். அதற்குப் பெயர் 'பார்'. (முதல் நாள் "வாங்க, எல்லாரும் பாருக்குப் போகலாம்" என்றால் மாமாக்கள் சிரித்துவிடுவார்கள். பார்க்கின்சன் வந்த முகத்தில் சிரிப்பை வரவழைப்பது லேசில்லை. அதனால் அந்த ஜோக்கை நான் விடுவதே இல்லை.) அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டியை மெதுவாக மடக்கி நிமிர்வது 'பிளியே'. ஒரு பாதத்தைத் தரையோடு தேய்த்தபடி நீட்டித் திரும்ப இழுப்பது 'தாந்தூ'. அதே பாதத்தைத் தரையில் அரைவட்டமாகச் சுழற்றுவது 'ரோன் த ஜாம்ப்'. கைகளை வளைவாக உயர்த்தி, விரித்து, இறக்குவது 'போர் த ப்ரா'. எல்லாம் பிரெஞ்சுப் பெயர்கள், உலகம் முழுக்க இவையேதான். எங்கள் ஆட்களுக்குப் பெயர் நிற்பதில்லை. ஆனால் 'தோசை வார்க்கிற கால்' என்று சொன்னால் ரோன் த ஜாம்ப் தானாக வந்துவிடும்.

இந்த நோயில் உடம்புக்குள் என்னதான் ஆகிறது?

நடுமூளையில் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்ற சிறு பகுதி இருக்கிறது. கரும்பொருள் என்று அர்த்தம். அங்குள்ள செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. பார்க்கின்சனில் அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கை நடுங்குகிறதே என்று நாம் டாக்டரிடம் போகும்போது கணிசமான பங்கு ஏற்கெனவே போயிருக்கும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதை விரிவாக எழுதினார். அவர் பிறந்த ஏப்ரல் 11-ஐத்தான் உலகப் பார்க்கின்சன் நாளாக அனுசரிக்கிறார்கள்.

தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் நடுக்கமே இல்லாதவர்களும் உண்டு. எல்லோருக்கும் பொதுவானது, அசைவு மெதுவாவதும் சின்னதாவதும். அடி சின்னதாகும். கையெழுத்து வரவர எறும்பு மாதிரி ஆகும். குரல் இறங்கும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நிற்கும். என் அப்பாவுக்கு முதலில் போனது காபி வாசனை. டிகாக்‌ஷன் சரியில்லை என்று அம்மாவிடம் ஒரு வருஷம் சண்டை போட்டார். மோப்பம் குறைவது நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே வரக்கூடிய அறிகுறி என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

சரி, இதற்கு நடனம் எப்படி உதவும்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா சமையலறை வாசலில் வந்து அப்படியே நின்றுவிடுவார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. உடம்பு முன்னால் போகும், கால் வராது. மருத்துவத்தில் இதை உறைதல் என்கிறார்கள். ஆனால் அதே அப்பா, அதே நாளில், பில்டிங் படிக்கட்டில் கடகடவென்று ஏறுவார். பக்கத்து ஃபிளாட் மாமி, "மாமா நடிக்கிறாரோ?" என்றே கேட்டுவிட்டார்.

நடிப்பு இல்லை. நாம் நடக்கும்போது அடுத்த அடி எவ்வளவு நீளம், எப்போது எடுப்பது என்று யோசிப்பதில்லை. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள் அந்த வேலையை நமக்குத் தெரியாமலே பார்த்துக்கொள்கின்றன. டோபமின் குறைந்தால் கெடுவது இந்தத் தானியங்கி நடைதான். வாசலில் அப்பாவுக்கு அடுத்த அடியை எடுத்துக்கொடுக்க உள்ளே ஆள் இல்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படியும் 'இங்கே வை, இங்கே வை' என்று கண்ணுக்குக் காட்டுகிறது. வெளியிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தால் மூளை வேறு வழியாக அந்த அசைவைச் செய்துவிடுகிறது. தரையில் ஒட்டிய கோடு, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் டிக் டிக், பக்கத்தில் நடப்பவரின் அடி, எதுவாகவும் இருக்கலாம்.

நடனத்தில் இந்தக் குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. தாளம் எப்போது என்று சொல்கிறது. ஆசிரியரின் உடம்பு எப்படி என்று காட்டுகிறது. 'அந்த ஜன்னலைத் தொடப் போறீங்க' என்ற சொல் எவ்வளவு பெரிதாக என்று சொல்கிறது. 'கையைத் தூக்குங்க' என்றால் தோள் வரைக்கும் வரும் கை, 'மேலே பரணில் இருக்கிற அண்டாவை எடுங்க' என்றால் தலைக்கு மேல் போகும். இதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

இதை வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். அப்பா இப்போது வாசலில் நின்றால், ஒரு மூச்சு விட்டு, எடையை இடது வலது என்று இரண்டு தரம் மாற்றி, 'தகதிமி' என்று உதட்டுக்குள் சொல்லிக் காலை எடுக்கிறார். குர்லா ஸ்டேஷன் பாலத்திலும் அதேதான். பக்கத்தில் போகிறவர்கள் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏன் பாலே? நம்ம பரதநாட்டியம் போதாதா?

தமிழர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. நானே கேட்டேன், கொஞ்சம் ரோஷத்தோடு.

பார்க்கின்சன் உடம்பை உள்பக்கமாகச் சுருட்டுகிறது. முதுகு கூனும், முழங்கை மடங்கும், தலை முன்னால் தொங்கும். பாலே அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது: கழுத்து நீளும், மார்பு திறக்கும், கை விரல் நுனிக்கு அப்பாலும் போகிற மாதிரி விரியும். அடுத்தது எடை மாற்றம். ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு எடையை நிதானமாக நகர்த்துவதுதான் பாலே அடிப்படையின் பாதி. இவர்கள் நடக்கத் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான். மூன்றாவது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. கம்பியைப் பிடிப்பது கௌரவக் குறைச்சல் இல்லை, பெரிய பாலே கலைஞர்களும் தினமும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். வாக்கரைத் தொட மறுக்கிற எங்கள் மாமா ஒருவர் கம்பியைப் பிடிக்க மறுத்ததில்லை.

பரதத்தில் அரைமண்டியில், அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், நின்றபடியே தரையை ஓங்கித் தட்ட வேண்டும். எழுபது வயது முட்டிக்கு அது ஆகாது. ஆனால் நம்மிடம் இருக்கும் இரண்டு பொக்கிஷங்களைப் பாலேயில் நான் பார்க்கவில்லை. ஒன்று சொல்கட்டு. வாயால் 'தெய்யா தெய்' சொல்லிக்கொண்டே அடி வைத்தால் தாளம் உள்ளேயே ஊறும், இறங்கிப்போன குரலுக்கும் பயிற்சி. இன்னொன்று அபிநயம். பார்க்கின்சனில் முகம் முகமூடி மாதிரி இறுகிவிடும். கோபமா சந்தோஷமா என்று வீட்டாருக்கே தெரியாது. புருவத்தை ஏற்றி அற்புதம், மூக்கைச் சுருக்கி பீபத்ஸம் (அருவருப்பு) என்று பத்து நிமிஷம் செய்கிறோம். ஆக எங்களுடையது சுத்தமான பாலே இல்லை. பாலே மாவில் பரதம் தாளித்தது.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு, 2001-இல் அங்குள்ள பார்க்கின்சன் குழுவோடு சேர்ந்து ஆரம்பித்தது. லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் பாலே என்ற குழு 2010-இல் தொடங்கியது. தாங்கள் மேடையேற்றும் பாலேக்களின் கதையையும் இசையையுமே வகுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள், ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகம் அதை ஆராய்ந்தது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பாலே குழுவும் இப்படி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. நம் பக்கத்திலேயே புணேயில் நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மும்பையில் பார்க்கின்சன் நோய்க்கான சங்கம் ஒன்றும் அதே 2001-இல் தொடங்கியதுதான்; அவர்களுடைய ஆதரவுக் குழுக்கள் பல ஊர்களில் கூடுகின்றன.

பலன் உண்டு என்று ஆராய்ச்சி சொல்கிறதா, இல்லை நீங்களாகச் சொல்கிறீர்களா?

இரண்டும். ஆனால் எதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. வாரம் ஒருமுறை ஒன்றேகால் மணி நேரம் நடனமாடிய 16 பேரை மூன்று வருஷம் கவனித்து, ஆடாத 16 பேரோடு ஒப்பிட்டார்கள். ஆடாதவர்களின் அசைவுச் சிக்கல்கள் இந்த நோயில் எதிர்பார்க்கிறபடி கூடிக்கொண்டே போயின. ஆடியவர்களுக்கு அவ்வளவாகக் கூடவில்லை. கேட்க இனிக்கிறது, ஆனால் 16 பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசைகூட இல்லை. மேலும் ஆட வருகிறவர்கள் இயல்பிலேயே கொஞ்சம் சுறுசுறுப்பானவர்களாக இருக்கலாம்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 150-க்கும் மேற்பட்ட சோதனைகள், கிட்டத்தட்ட 8,000 பேர். உடற்பயிற்சி எந்த வகையானாலும் பெரும்பாலும் உதவுகிறது, நடனம் அசைவுக்கு மிதமான அளவு உதவுகிறது, ஒரு வகை இன்னொன்றைவிட ரொம்ப உசத்தி என்று சொல்ல ஆதாரம் குறைவு. இதுதான் சாரம். அதனால் உங்கள் மாமனாருக்கு நடனம் பிடிக்கவில்லை, நீச்சல்தான் பிடிக்கும் என்றால் நீச்சலுக்கே கூட்டிப் போங்கள்.

நோயைக் குணப்படுத்துமா என்றால், இல்லை. மாத்திரையைக் குறைக்கலாமா என்றால், நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் கால் மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது.

பிசியோதெரபியை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். இரண்டும் வேறு வேலை செய்கின்றன.

வகுப்பு ஏன் பதினோரு மணிக்கு? காலை ஏழு மணிக்கு வைத்தால் வெயிலுக்கு முன் வந்து போகலாமே?

மாத்திரைக்காக. இவர்களில் பலர் சாப்பிடுவது லெவோடோபா. மூளைக்குப் போய் டோபமினாக மாறும் மருந்து அது. சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணிக்குள் வேலை செய்ய ஆரம்பிக்கும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். வேலை செய்யும் நேரத்தை 'ஆன்' என்றும் இறங்கிய நேரத்தை 'ஆஃப்' என்றும் சொல்வார்கள். இந்த வீடுகளில் இது சர்வ சாதாரணமாகப் புழங்கும் சொல்: "அப்பா இப்ப ஆஃப்ல இருக்கார், அப்புறம் பேசுங்க." எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பத்து மணி வாக்கில் ஒரு வேளை போட்டுக்கொள்கிறார்கள். பதினோரு மணிக்கு நல்ல 'ஆன்'.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே கதவில் முட்டிக்கொள்ளும். நம் வீட்டில் பருப்பு, தயிர், பால் விட்ட காபி என்று எல்லாவற்றிலும் புரதம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீரோடு போடச் சொல்வது அதனால்தான். இரும்புச் சத்து மாத்திரையும் இடைஞ்சல் செய்யும்; இரண்டையும் எவ்வளவு தள்ளிப் போடுவது என்று டாக்டரைக் கேளுங்கள்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தேன். அப்பாவை டெங்குவுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வார்டு ரவுண்டு எப்போது வருகிறதோ அப்போதுதான் மாத்திரை என்றார்கள். சாயங்காலத்துக்குள் படுக்கையில் புரண்டு படுக்க முடியாமல் போய்விட்டது. டெங்கு முற்றிவிட்டது என்று அவர்கள் ரத்தம் எடுக்க ஓடினார்கள். அன்றிலிருந்து மாத்திரை நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

ஆடும்போது விழுந்துவிட்டால்?

நியாயமான பயம். ஹால் தரை மொசைக், அதனால் சாக்ஸ் மட்டும் போட்டு ஆட விடுவதில்லை. பின்பக்கம் வார் உள்ள, தட்டையான, கனமில்லாத ஷூ போதும். சுவரோரம் கம்பி இல்லாத பக்கத்தில் கனமான நாற்காலிகள். நடந்து கடக்கும் பகுதியில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு ஆள்.

அதிகம் விழுவது திரும்பும்போது. நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பக் கூடாது. ஆட்டோ யூ-டர்ன் எடுக்கிற மாதிரி அரைவட்டம் அடித்துத் திரும்பப் பழக்குகிறோம். பின்னோக்கி நடப்பதும் ஆபத்து. சிலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரியும், அதனால் நாற்காலியிலிருந்து எழுந்தவுடன் எட்டு எண்ணிக்கை சும்மா நிற்பதே ஒரு பயிற்சி.

உறைந்து நிற்பவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "வாங்கப்பா, வாங்கப்பா" என்று அவசரப்படுத்தவும் கூடாது. இழுத்தால் உடம்பு வரும், கால் வராது, குப்புற விழுவார். பக்கத்தில் நின்று தாளம் போடுங்கள், இல்லை உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, 'இதைத் தாண்டுங்க' என்று சொல்லிப் பாருங்கள்.

"இந்த வயசுல எனக்கு டான்ஸா?" என்று வர மறுக்கிறார். என்ன செய்வது?

எங்களிடம் ஒரு பாங்க் மேனேஜர் மாமா வந்தார். மூன்று வாரம் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் கூப்பிடவே இல்லை. நாலாவது வாரம் மிருதங்கம் வாசிக்கும் பையன் தாளத்தை ஒரு இடத்தில் விட்டான். மாமா அங்கிருந்தே, "அரை இடம் தள்ளி எடுத்துட்டே" என்றார். சின்ன வயதில் சண்முகானந்தா ஹாலில் ஒரு கச்சேரி விடாமல் கேட்டவராம். தாளம் போடும் பொறுப்பை அவரிடமே கொடுத்தோம். தாளம் போட்ட கை இரண்டு மாதத்தில் போர் த ப்ராவுக்கு வந்துவிட்டது.

எல்லோரிடமும் இது நடக்காது. சிலர் ஒரு தரம் வந்துவிட்டுப் போய்விடுவார்கள். கெஞ்ச வேண்டாம். இந்த நோயில் மனச்சோர்வும் சேர்ந்து வரும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்; அது வெறும் பிடிவாதம் இல்லை, டாக்டரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி.

கூட வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

ஆட வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்து போன் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஒரே கண்டிப்பு. வாரம் முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுப்பவரும் சட்டைப் பொத்தான் போட்டு விடுபவரும் அந்த ஒரு மணி நேரம் சக மாணவர்கள். முட்டி வலி அநேகமாக மாமிகளுக்குத்தான் அதிகம். ஆகவே அவர்களுக்கும் நாற்காலி உண்டு.

டிரெயினில் வரலாமா?

பத்து மணிக்கு முன் வேண்டாம். சென்ட்ரல் லைனில் வருகிறவர்கள் குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாற வேண்டும். அந்தப் பாலத்துக் கூட்டத்தில் நடுவே உறைந்து நின்றால் கஷ்டம். முடிந்தால் குர்லாவிலிருந்து ஆட்டோ பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்காததற்குக் காரணம் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பார்க்கின்சனும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வையுங்கள்.

வர முடியாதவர்கள் வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், தனியாக வேண்டாம். மும்பை ஃபிளாட்டில் கம்பிக்கு எங்கே போவது? சமையல் மேடை இருக்கிறது, உயரம் கச்சிதம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், அடுப்பு அணைத்திருக்கும்போது, மேடையைப் பார்த்து நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். நாலு எண்ணிக்கையில் முட்டியை லேசாக மடக்கி, நாலில் நிமிர வேண்டும். அப்புறம் குதிகாலை உயர்த்தி இறக்குவது. அப்புறம் ஒரு கால் பக்கவாட்டில் நீட்டித் திரும்ப. பாட்டு போடுங்கள், அவருக்குப் பிடித்த பாட்டு, நடக்கும் வேகத்தில். எண்ணிக்கையை அவரே வாய்விட்டுச் சொல்லட்டும், அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி. பத்து நிமிஷம் போதும்.

பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடலாமா?

நடனத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, ஆனால் வாரம் ஒருவர் கேட்கிறார். அந்த விதையில் உண்மையான லெவோடோபாவே இருக்கிறது. அதனால்தான் மாத்திரையோடு சேர்த்து நீங்களாகக் கொடுக்கக் கூடாது. இரட்டை அளவு போய்விடும், கை கால் தானாக நெளியும், வாந்தி வரும்.

எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்?

வகுப்பு முடிந்து படியிறங்கும்போதே சிலருக்கு அடி நீளமாகும். சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும். நிலைத்து நிற்கிற மாற்றத்துக்கு மாதக் கணக்கு ஆகும், விட்டால் போய்விடும். நோய் அதன் பாட்டுக்கு முன்னேறிக்கொண்டேதான் இருக்கிறது. அப்பா போன வருஷம் நின்று செய்த சிலவற்றை இந்த வருஷம் உட்கார்ந்து செய்கிறார். வகுப்பை விடவில்லை.

கட்டணம் எவ்வளவு, என்ன கொண்டுவர வேண்டும்?

கட்டணம் இல்லை, ஹாலின் மின்சாரச் செலவுக்கு உண்டியல் இருக்கிறது. முதல் முறை வருமுன் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரை நேரங்கள் எழுதிய சீட்டு, தண்ணீர் பாட்டில், வார் உள்ள ஷூ. அவ்வளவுதான். பத்தே முக்காலுக்கு வந்தால் நல்லது, லிஃப்ட் மெதுவானது.